கடலைக்காய் ஆகாத பையனோடு கப்பல் பயணம்

வணக்கமுங்க அக்கா. ஏழு வயதுப் பையனுக்குக் கடலைக்காய் ஆகாது, சிங்கப்பூரில் கப்பல் ஏறி பினாங்கு வரை போகிறோம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கும் இதே தொல்லைதான். எங்கு திரும்பினாலும் கடலெண்ணெய் மணக்கிற ஈரோட்டிலேயே சமாளிக்கிறோம், கப்பல் அதைவிடச் சுலபமுங்க.

முதலில் கப்பல் கம்பெனிக்கு நீங்களே மெயிலில் எழுதிவிடுங்கள். ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னோம், அது போய்ச் சேரவே இல்லை. ஏறிய அன்றே உணவகத்தில் பரிமாறுபவர்களின் மேலாளரைப் பார்த்து, மறுநாள் சாப்பாட்டை முந்தின இரவே சொல்லி வைத்தால் பெரும்பாலும் தனியாகச் செய்து தருவார்கள். பஃபே பக்கம் மட்டும் பையனை விடாதீர்கள், பண்டத்தில் கடலை இல்லாவிட்டாலும் ஒரே கரண்டியை நாலு பாத்திரத்தில் விடுவார்கள், அங்கேதான் வம்பு.

பினாங்கில் இறங்கினால் சாத்தே (குச்சியில் சுட்ட இறைச்சி), ரோஜாக் (பழம், காய்க் கலவை) இரண்டும் வேண்டாம், இரண்டிலும் கடலை சேர்ப்பார்கள். மலாயில் கடலைக்காய்க்கு ‘காச்சாங் தானா’ (kacang tanah) என்று பெயர், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த அட்ரினலின் ஊசி இரண்டு, சீட்டோடு கைப்பையிலேயே இருக்கட்டும், பெரிய பெட்டி அறைக்கு வரச் சாயங்காலம்கூட ஆகும். ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மூச்சு இழுத்தால் அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்கவே கூடாது, ஊசியைப் போட்டுவிட்டுக் கப்பல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், வீட்டு முறுக்கு, அதிரசத்தையெல்லாம் பெரும்பாலும் ஏற விடமாட்டார்கள், பிரிக்காத கடைப் பாக்கெட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.