பதில்: இளம் ஷார்ட்ஸ்டாப்பைக் கொடுத்து ஏஸ் பிட்சரை வாங்கலாமா?

வணக்கம் நண்பரே, உங்கள் பேஸ்பால் ஃபேன்டஸி லீக்கில் (நிஜ வீரர்களை வைத்து ஆடும் கற்பனை அணிப் போட்டி) அந்த இளம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) பையனை ஆஃப் சீசனிலேயே கொடுத்து, ஒரு ஏஸ் பிட்சரை (அணியின் முதன்மைப் பந்துவீச்சாளர்) வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், உச்ச மட்டமான மேஜர் லீக்கில் முதல் பத்து ஆட்டங்களில் சொதப்பினான், அணியில் அவனுக்கு இடமும் இல்லை என்கிறீர்கள். கொடுக்காதீர்கள். ஜாக்சன் ஹாலிடேயை நினைத்துப் பாருங்கள். 2024 ஏப்ரலில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்காக வந்து 34 அட்-பேட்டில் (பேட்டிங் வாய்ப்பு) வெறும் 2 ஹிட், உடனே கீழ்மட்டமான மைனர் லீக்குக்கு அனுப்பினார்கள், ஜூலை கடைசியில் திரும்பி வந்து அடித்த முதல் ஹோம் ரன்னே கிராண்ட் ஸ்லாம் (மூன்று பேஸிலும் ஆள் இருக்கும்போது அடித்து நான்கு ரன் தரும் ஹோம் ரன்)! பத்து ஆட்டத்தை வைத்து இருபது வயதுப் பையனை எடை போடவே கூடாது.

இடம் இல்லை என்பதும் நிரந்தரமில்லை. அதே ஓரியோல்ஸில் இடம் கிடைக்காத ஜோயி ஒர்டிஸ், ஏஸ் பிட்சர் கார்பின் பர்ன்ஸை ஓரியோல்ஸ் வாங்கிய ட்ரேடில் (வீரர் பரிமாற்றம்) மில்வாக்கி அணிக்குப் போனதும் மூன்றாம் பேஸில் தினமும் ஆடினார். பர்ன்ஸ் ஓரியோல்ஸுக்கு அருமையாகத்தான் வீசினார், ஆனால் ஒரே சீசன், அப்புறம் அரிசோனா அணிக்குப் போய்விட்டார்.

உங்களுக்கு வரும் பிட்சருக்கு எத்தனை வருட ஒப்பந்தம் மிச்சம்? ஒரு வருடம்தான் என்றால், இந்த சீசனிலேயே கோப்பை உறுதி என்று நம்பினால் மட்டும் யோசியுங்கள்.