அந்தத் தாளில் இப்போது கையெழுத்து வேண்டாம்

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. ஐந்து வாரத்துக்கு முன் ஆயர் ஈத்தாமில் இருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குக் காலை ஷிப்டுக்காக மோட்டார் சைக்கிளில் போனார். கிரீன் லேனில் அவருக்கு வலப்பக்கம் போன கூரியர் வேன் சிக்னல் போடாமல் இடப்பக்கச் சந்துக்குள் திரும்பியது. மோதி விழுந்தார். இடது கால் எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். அன்று அவர் அறுவை சிகிச்சையில் இருந்ததால் என் தம்பிதான் போலீஸ் புகார் கொடுத்தான். அவன் சம்பவ இடத்தில் இல்லை. "மோட்டார் வழுக்கி விழுந்தது" என்று சொல்லிவிட்டான். போன வாரம் கூரியர் கம்பெனி சார்பில் ஒருவர் வந்து 3,000 வெள்ளி (ரிங்கிட்) தருவதாகவும் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். டிரைவர் எங்கள் ஊழியர் இல்லை, கான்ட்ராக்ட் ஆள் என்றும் சொல்கிறார். வார்டுக்கு வந்த இன்னொருவர், வழக்கை எடுத்து நடத்துகிறேன், 30 விழுக்காடு கொடுத்தால் போதும் என்றார். விபத்து தொழிற்சாலைக்கு வெளியே நடந்ததால் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணம் கிடைக்காது என்கிறார்கள். என் கணவரின் லைசென்ஸ் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த டிரைவர் சின்னப் பையன், அழுதுகொண்டே வந்து பார்த்தான். வழக்குப் போட்டால் பாவம் இல்லையா? என்ன செய்வது?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தத் தாள். கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரையும் போட விடாதீர்கள். இப்படிப்பட்ட தாள்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: இந்தத் தொகையை முழுமையான, இறுதியான இழப்பீடாக ஏற்றுக்கொள்கிறேன், இனிமேல் ஓட்டுநர் மீதோ உரிமையாளர் மீதோ காப்புறுதி நிறுவனத்தின் மீதோ எந்தக் கோரிக்கையும் வைக்க மாட்டேன் என்று. அது மலாயில் இருந்தாலும் ஆங்கிலத்தில் இருந்தாலும் பொருள் ஒன்றுதான். கையெழுத்துப் போட்ட பிறகு காலில் கிருமி பிடித்தாலும், பிளேட்டை எடுக்க இரண்டாவது அறுவை சிகிச்சை வந்தாலும், திரும்பப் போய்க் கேட்பது மிகவும் கடினம். வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இதே மாதிரி ஒரு தாளை எடுத்துக்கொண்டு வந்த ஓர் அம்மாவை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. வாங்கியது 2,000 வெள்ளி. மகனின் மணிக்கட்டு வளைந்து சேர்ந்துவிட்டது. அந்தத் தாளை மடித்து மடித்து நான்காகக் கிழியும் நிலையில் வைத்திருந்தார். அவருக்கு எங்களால் எதுவும் செய்ய முடியவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

3,000 வெள்ளி எவ்வளவு சிறிய தொகை என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் எதிர்கால வருமான இழப்பை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடுவது என்று ஒரு முறை உண்டு. 30 வயதும் அதற்குக் கீழும் என்றால் 16 ஆண்டு. 31 முதல் 59 வரை என்றால், 60இல் இருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். முன்பு 55 என்று இருந்ததை 2019இல்தான் 60 ஆக்கினார்கள். உங்கள் கணவருக்கு 60 கழித்தல் 44, அதில் பாதி: 8 ஆண்டு. உதாரணத்துக்கு, விபத்துக்கு முன் மாதம் 2,800 வெள்ளி வாங்கியவர், நின்று செய்கிற வேலைக்குத் திரும்ப முடியாமல் 1,700 வெள்ளி வேலைக்குப் போகிறார் என்று வையுங்கள். மாதம் 1,100 வெள்ளி குறைகிறது. அதைப் 12ஆல் பெருக்கி, 8ஆல் பெருக்கினால் 105,600 வெள்ளி. இதில் வாழ்க்கைச் செலவு போன்ற கழிவுகள் உண்டு. கால் முழுதாகத் தேறி பழைய வேலைக்கே போய்விட்டால் இந்தப் பகுதியே இருக்காது. அப்படித் தேற வேண்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அது தெரிய இன்னும் பல மாதம் ஆகும். ஐந்தாவது வாரத்தில் வந்து கையெழுத்துக் கேட்பதன் காரணம் இப்போது புரியும்.

இது தவிர, வலிக்கும் வேதனைக்கும் தனித் தொகை உண்டு. எந்த எலும்பு முறிந்தால் எவ்வளவு என்று நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ள ஒரு வழிகாட்டித் தொகுப்பே இருக்கிறது. மருந்து, ஊன்றுகோல், மருத்துவமனைக்குப் போய்வந்த கிராப் (வாடகைக் கார்) செலவு, நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட உழைப்பு, மோட்டார் பழுது, பிளேட்டை எடுக்க ஆகப்போகும் செலவு எல்லாம் கேட்கலாம். தனியார் மருத்துவமனைக்கு மாற்ற நினைத்தால் மட்டும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். அரசு மருத்துவமனையில் கிடைக்கிற சிகிச்சைதான் என்றால் நீதிமன்றம் அந்தப் பில்லை முழுதாகக் கொடுக்காது.

ரசீதுகளைப் பற்றி ஒரு சின்ன விஷயம். மருந்துக்கடை ரசீது பளபளப்பான தாளில் வரும். விசாரணைக்கு வருவதற்குள் எழுத்து அழிந்து வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய அன்றே போட்டோகாப்பி எடுத்து, பின்னால் எதற்காகப் போனீர்கள் என்று எழுதி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள்.

சரி, உங்கள் தம்பி கொடுத்த புகார். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். அந்த அவசரத்தில் பாவம், அவர் கேள்விப்பட்டதைச் சொல்லிவிட்டார். ஆனால் நாளைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து நீட்டப் போவது அந்தத் தாளைத்தான். "வழுக்கி விழுந்தது என்று உங்கள் வீட்டு ஆளே சொல்லியிருக்கிறாரே?" என்பார். ஆகவே உங்கள் கணவர் சக்கர நாற்காலியில் போகும் அளவுக்குத் தேறியதும், தாமதிக்காமல் நிலையத்துக்குப் போய்த் தன் சொந்தப் புகாரைக் கொடுக்க வேண்டும். முதல் புகார் கொடுத்தவர் சம்பவத்தைப் பார்க்கவில்லை, அன்று நான் அறுவை சிகிச்சையில் இருந்தேன் என்பதையும் அதிலேயே சொல்ல வேண்டும். எந்தத் தடத்தில் போனார், வேன் எந்தப் பக்கம் இருந்தது, சிக்னல் போட்டதா, வேனின் எந்த இடத்தில் மோதினார் – நினைவில் இருப்பதை மட்டும் சொல்லட்டும். நினைவில்லாததை "நினைவில்லை" என்றே சொல்லட்டும். பழைய புகாரைத் திரும்ப வாங்கப் பார்க்காதீர்கள், அது முடியாது. விசாரணை அதிகாரியின் பெயரைக் குறித்துக்கொண்டு, விபத்து நடந்த இடத்தின் வரைபடம், படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றுக்கு விண்ணப்பியுங்கள். போலீஸ் யாருக்குச் சம்மன் கொடுத்தது என்பது முக்கியம்தான், ஆனால் சிவில் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. உங்கள் கணவர் மீதும் கொஞ்சம் தவறு என்று நீதிபதி நினைத்தால், அந்த விழுக்காட்டைத் தொகையில் கழிப்பார். முழுவதும் போய்விடாது.

அந்தச் சந்து முனையில் கடை இருந்தால் இன்றைக்கே உங்கள் தம்பியை அனுப்புங்கள். கேமரா பதிவு பல கடைகளில் சில நாளிலோ சில வாரத்திலோ அழிந்துவிடும். ஐந்து வாரம் ஆகிவிட்டது, கிடைக்காமலும் போகலாம். இருந்தாலும் மரியாதையாகப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். யாராவது கண்ணால் பார்த்திருந்தால் பெயரும் நம்பரும் வாங்கி வையுங்கள்.

"கான்ட்ராக்ட் ஆள்" என்ற பேச்சுக்குப் பயப்பட வேண்டாம். வழக்கு ஓட்டுநர் மீதும் வண்டி உரிமையாளர் மீதும் போகும். சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது அந்த வண்டியால் மற்றவருக்கு ஆகும் காயத்துக்கான காப்புறுதி, கட்டாயம். வண்டி எண் இருந்தால் வழக்கறிஞரே ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) மூலம் உரிமையாளரைத் தேடி எடுப்பார். தீர்ப்பு வந்தால் சட்டப்படி காப்புறுதி நிறுவனம்தான் கட்ட வேண்டும். ஆனால் வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்த ஏழு நாளுக்குள்ளோ அவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கூரியர் கம்பெனியையும் சேர்க்க முடியுமா என்பது, அந்த ஓட்டுநர் யாருக்காக, யாருடைய கட்டுப்பாட்டில் ஓடினார் என்பதைப் பொறுத்தது. பார்சல் கொடுக்கும்போதெல்லாம் ஸ்கேன் செய்கிறார்களே, அந்தப் பதிவு நேரத்தோடு இருக்கும். அன்று காலை எத்தனை மணிக்கு, எந்தத் தெருவில், யாருடைய பார்சலை எடுத்துப் போனார் என்பது அதில் தெரிந்துவிடும். அதை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞர் இப்போதே கடிதம் எழுதட்டும். வண்டிக்குக் காப்புறுதியே இல்லை என்று தெரியவந்தாலும் அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு, வழக்கறிஞர் அங்கே விண்ணப்பிப்பார்.

இன்னொன்று: தபால் வேன் என்றாலே அரசாங்க வண்டி, வழக்குப் போட முடியாது என்று நம்மில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். தபால் சேவை 1992இலேயே நிறுவனமாக்கப்பட்டுவிட்டது. உண்மையான அரசாங்க வண்டி மீதும் வழக்குப் போடலாம், கெடு மட்டும் குறைவு, 36 மாதம். மற்றபடி தீபகற்பத்தில் இப்படிப்பட்ட வழக்குக்கு ஆறு ஆண்டு.

சொக்சோ கிடைக்காது என்று சொன்னவர்கள் தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் இருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். 1969ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சேர்த்துக்கொள்கிறது. சொந்த வேலையாக வழி மாறிப் போயிருந்தால்தான் சிக்கல். முதலாளி தனக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று நாளைக் காலையே ஆள்வளப் பிரிவில் கேளுங்கள். போலீஸ் புகார், எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று), அன்றைய ஷிப்ட் வருகைப் பதிவு, வீட்டில் இருந்து தொழிற்சாலை வரை வழி காட்டும் ஒரு வரைபடம் கேட்பார்கள். நான்கு நாளுக்குக் குறையாத எம்.சி. இருந்தால், சம்பளம் வராத நாட்களுக்குக் கணக்கிடப்பட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். காலில் நிரந்தரக் குறை தங்கினால் மருத்துவக் குழு அதை மதிப்பிடும். மலாக்காவில் சொக்சோவுக்கே மறுவாழ்வு மையம் இருக்கிறது, அதையும் கேட்டுப் பாருங்கள். சொக்சோ பணம் வாங்கியதால் வேன்காரர் மீதான உரிமை போகாது.

வார்டுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். வெற்றி பெற்றால் இத்தனை விழுக்காடு என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போட நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆள் பிடிக்கவும் கூடாது. வழக்கறிஞரை நீங்களே தேர்ந்தெடுங்கள், அலுவலகத்துக்கு நேரில் போங்கள், கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். அவர் பெயர் வழக்கறிஞர் மன்றத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். செலவு செய்ய வழியில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறைக்குப் பினாங்கிலும் கிளை இருக்கிறது, வருமானத்தைப் பார்த்து உதவுவார்கள். வாகன விபத்து வழக்கு எவ்வளவு பெரிய தொகையானாலும் செஷன்ஸ் நீதிமன்றத்திலேயே நடக்கும். பல வழக்குகள் விசாரணைக்கு முன்பே பேசி முடிகின்றன. பேசி முடிப்பது நல்லதுதான், ஆனால் எலும்பு மருத்துவர் இறுதி அறிக்கை கொடுத்த பிறகு.

லைசென்ஸ் முடிந்திருந்ததை மறைக்காதீர்கள். அது தனிக் குற்றம், அதற்குச் சம்மன் வரலாம். ஆனால் விபத்து யாருடைய கவனக்குறைவால் நடந்தது என்பதுதான் வழக்கு. பல வருடம் ஓட்டியவர், இரண்டு வாரம் புதுப்பிக்க மறந்துவிட்டார் என்பதால் வேன் திரும்பியது அவர் தவறாகிவிடாது.

கடைசியாக அந்தப் பையன். நீங்கள் இவ்வளவு கஷ்டத்திலும் அவனை நினைத்துப் பார்த்தது என் மனத்தைத் தொட்டது. அவனுடைய லைசென்ஸும் வண்டியின் காப்புறுதியும் சரியாக இருந்தால், பணம் அவன் சட்டைப் பையில் இருந்து வராது, காப்புறுதியில் இருந்துதான் வரும். கட்டாயக் காப்புறுதி என்று சட்டம் வைத்திருப்பதே இதற்காகத்தான். மறுபடி பார்க்க வந்தால் உட்கார வைத்து ஒரு தே தாரிக் கொடுங்கள். விபத்து எப்படி நடந்தது என்று மட்டும் அவனோடு பேச வேண்டாம், வாட்ஸ்அப்பிலும் வேண்டாம். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.