பானியன் ஏன் சுடவில்லை? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் பழைய குறிப்பு ஒன்றைப் படித்துவிட்டு ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘தி பிக் ஹீட்’ (1953) படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் போனதே தெரியவில்லை. ஆனால் முடிவு சப்பென்று ஆகிவிட்டது. மனைவியைக் காரில் குண்டு வைத்துக் கொன்ற கூட்டத்தைப் போலீஸ்காரன் டேவ் பானியன் தனி ஆளாக வேட்டையாடுகிறான். கடைசியில் அடியாள் வின்ஸ் ஸ்டோன் அவன் துப்பாக்கி முனையில் கிடக்கிறான். ‘சுடு, சுடு’ என்று அவனே கத்துகிறான். பானியன் சுடவில்லை. போலீஸ் வந்து அழைத்துக்கொண்டு போகிறது. பெரிய தலை லகானா மாட்டிக்கொண்டதை ஒரு செய்தித்தாள் தலைப்போடு முடித்துவிடுகிறார்கள். தணிக்கைக்குப் பயந்து செய்ததா?

இன்னொன்று. சட்டத்தைக் கையில் எடுப்பவனை நாயகனாக்கும் படங்கள் எல்லாமே ஆபத்தானவை என்று என் நண்பர் வாதிடுகிறார். இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். மறுத்தேன், ஆனால் காரணம் சொல்ல வரவில்லை. லாங்கின் படங்களில் அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

தணிக்கையும் ஒரு காரணம்தான். ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதிகள் 1930-ல் எழுதப்பட்டு, 1934 முதல் கறாராக அமலுக்கு வந்தன. இந்தக் காலத்துக் கதையில் பழிவாங்குவதை நியாயப்படுத்தக் கூடாது என்று அதில் வெளிப்படையாகவே ஒரு வரி உண்டு. பார்வையாளரின் அனுதாபம் சட்டத்துக்கு எதிரான பக்கம் போய்விடவும் கூடாது. ஆகவே 1953-ல், பானியனாக நடித்த கிளென் ஃபோர்ட் போன்ற ஒரு நட்சத்திரம், அதுவும் போலீஸ்காரனாக வருகிறவர், கையில் சிக்கியவனைச் சுட்டுப்போட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குத் திரும்புவதைக் காட்டியிருக்க முடியாது.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் படம் கைநழுவிவிடும். கடைசிக் காட்சியில் மட்டுமல்ல, படம் முழுக்கவே பானியன் யாரையும் கொல்வதில்லை. அப்படியானால் இத்தனை பிணங்கள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்வியோடு இன்னொரு முறை பாருங்கள்.

படம் ஒரு தற்கொலையில் தொடங்குகிறது. மேசைமேல் ஒரு துப்பாக்கி. ஒரு கை அதை எடுக்கிறது. வெடிச் சத்தம். டாம் டங்கன் என்ற போலீஸ்காரர் அரசு வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போகிறார். மாடியிலிருந்து இறங்கிவரும் மனைவி பெர்த்தா பிணத்தைப் பார்க்கிறாள், கடிதத்தைப் படிக்கிறாள், உடனே போனை எடுத்து நகரத்தையே விலைக்கு வாங்கி வைத்திருக்கும் லகானாவின் வீட்டுக்குப் பேசுகிறாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கூட்டத்தின் ரகசியமெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. தான் செத்தால் அது வெளியே வரும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அவள் லகானாவிடம் பணம் கறந்துகொண்டே இருக்கலாம். அவள் உயிரோடு இருக்கும்வரை லகானாவுக்கும் பயமில்லை. கதையின் பூட்டு இதுதான். சாவி அவள் சாவில் இருக்கிறது.

அடுத்து லூசி சாப்மன் வருகிறாள். மது விடுதியில் காலம் கழிப்பவள், செத்துப்போன டங்கனின் காதலி. உடல்நலம் கெட்டுப்போய்த் தற்கொலை செய்துகொண்டார் என்று பெர்த்தா சொல்வது பொய் என்கிறாள். பானியன் நம்பவில்லை. குடும்பப் பெண் சொல்வது உண்மை, பாரில் உட்கார்ந்திருப்பவள் சொல்வது பொய் என்பது அவன் கணக்கு. லூசி சொன்னதை நேராகப் போய்ப் பெர்த்தாவிடமே கேட்கிறான். அப்புறம் லூசியின் உடல்தான் கிடைக்கிறது, மேலெல்லாம் சிகரெட்டால் சுட்ட புண்களோடு. ஒழுங்கான போலீஸ்காரன் செய்யும் சாதாரண விசாரணைதான் அது. பேட்ஜ் இருந்தபோதே ஒருத்தி போய்விட்டாள்.

அடுத்தது அவன் மனைவி கேட்டி. இந்த வேடத்தில் நடித்தவர் ஜோஸ்லின் பிராண்டோ, மார்லன் பிராண்டோவின் அக்கா. கணவனும் மனைவியும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதும், ஒரே சிகரெட்டை மாற்றி மாற்றிப் பிடிப்பதும் கொஞ்சம் அதிகப்படியான இனிப்போடுதான் எடுக்கப்பட்டிருக்கின்றன. (லூசியை எதனால் சுட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த இனிப்பு கொஞ்சம் குமட்டும். லாங் தெரியாமல் செய்பவர் அல்ல.) வீட்டுக்கு ஒரு மிரட்டல் போன் வருகிறது. எடுத்தவள் கேட்டி. பானியன் கொதித்துப்போய் லகானாவின் மாளிகைக்கே போகிறான்.

அந்த மாளிகைக் காட்சிதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் மையம். வாசலில் போலீஸ் காவல். உள்ளே லகானாவின் மகள் விருந்து வைத்திருக்கிறாள், இளசுகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் லகானாவின் தாயார் படம். இது என் வீடு, இந்த அழுக்கையெல்லாம் இங்கே கொண்டுவராதே, அதற்கு ஆபீஸ் இருக்கிறது என்கிறான் லகானா. அன்றைய அமெரிக்கப் பார்வையாளருக்கு இந்த முகம் புதிதல்ல. 1950–51-ல் செனட்டர் கெஃபாவர் தலைமையிலான குழு 14 நகரங்களில் அமைப்பாகச் செயல்படும் குற்றக் கும்பல்களைப் பற்றி விசாரணை நடத்தியது. நியூயார்க் விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாகப் போனது. முகத்தைக் காட்ட நியூயார்க் தாதா ஃபிராங்க் காஸ்டெல்லோ ஒப்பாததால் கேமரா அவருடைய கைகளை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தது. நல்ல சட்டை போட்ட, வியாபாரிபோலப் பேசும், நகர நிர்வாகத்தைப் பாக்கெட்டில் வைத்திருக்கும் தாதாவை மக்கள் அப்போதுதான் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்திருந்தார்கள். மூலக்கதை எழுதிய மெக்கிவர்ன், திரைக்கதை எழுதிய சிட்னி போயம் இருவருமே பத்திரிகையில் வேலை பார்த்தவர்கள். லகானா பேசும் விதத்தில் அது தெரிகிறது.

பானியன் அங்கே அவன் ஆளை அடித்துப்போட்டுவிட்டு வருகிறான். நாம் கைதட்டுகிறோம். பதில் அவன் வீட்டுக்கு வருகிறது. ஓர் இரவு மகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறான். காரை எடுக்க கேட்டி வெளியே போகிறாள். ஜன்னலில் ஒரு வெளிச்சம். குண்டு அவனுக்கு வைத்தது.

வேலையை விட்டு வரும்போது பேட்ஜைக் கொடுத்துவிடுகிறான், துப்பாக்கியைக் கொடுப்பதில்லை. அது என் சொந்தக் காசில் வாங்கியது என்கிறான். இந்த இடத்தில் வேறு எந்தப் படமாக இருந்தாலும் துப்பாக்கி வேலை செய்யத் தொடங்கியிருக்கும். இங்கே நடப்பது வேறு. குண்டு வைத்த லாரி கார்டனைக் கண்டுபிடித்துக் கழுத்தை நெரிக்கிறான், பேச வைக்கிறான், அப்புறம் விட்டுவிடுகிறான். ஆனால் நீ பேசிவிட்டாய் என்று ஊருக்குள் சொல்லிவிடுவேன் என்கிறான். லாரி தப்பி ஓடுவதற்குள் அவனுடைய ஆட்களே அவனை முடித்துவிடுகிறார்கள். பானியன் கையில் ரத்தம் இல்லை. அவன் செய்ததெல்லாம் ஒரு செய்தியைப் பரப்பியது மட்டும்தான். இதைக் கொலை என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இப்போது டெபி. குளோரியா கிரஹாம் இல்லையென்றால் இந்தப் படம் பாதிதான். வின்ஸ் ஸ்டோனின் காதலி, கண்ணாடியைக் கண்டால் நின்று தன்னைப் பார்த்துக்கொள்பவள், யாரையும் கிண்டலடிக்காமல் ஒரு வாக்கியம் பேசாதவள். வின்ஸை எதிர்த்து நின்ற ஒரே ஆள் என்பதால் பானியனின் ஓட்டல் அறை வரைக்கும் பின்னாலேயே போகிறாள். அங்கே எதுவும் நடப்பதில்லை. ஆனால் போனதை யாரோ பார்த்துவிட்டார்கள். வின்ஸின் வீட்டில் சீட்டாட்டம் நடக்கிறது, ஆடுபவர்களில் ஒருவர் போலீஸ் கமிஷனர் ஹிக்கின்ஸ். அடுப்பில் காபி கொதித்துக்கொண்டிருக்கிறது. லாங் கொதிக்கும் பாத்திரத்தைக் காட்டுகிறார், வின்ஸாக நடிக்கும் லீ மார்வினின் முகத்தைக் காட்டுகிறார், ஊற்றுவதைக் காட்டுவதில்லை. அலறல் மட்டும்தான் கேட்கிறது. எழுபது வருடங்களாகப் பலரும் காபி முகத்தில் படுவதைப் பார்த்ததாகவே நம்புகிறார்கள். இன்னொரு குரூரம் அதற்குப் பிறகு: அவளை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போகும் வேலை கமிஷனர் தலையில் விழுகிறது. நகரத்தின் போலீஸ் யாருக்கு வேலைக்காரன் என்பதற்கு வசனமே தேவைப்படவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாதி முகத்தில் கட்டோடு டெபி பானியனின் அறையில் ஒளிந்திருக்கிறாள். சற்று முன்புதான் அவன் பெர்த்தாவின் கழுத்தைப் பிடித்திருந்தான், போலீஸ் வந்ததால் விட்டான். அவள் செத்தால் கடிதம் வெளியே வரும், கூட்டமே சரியும், கொன்றிருக்க வேண்டும் என்று டெபியிடம் சொல்கிறான். உங்களால் அது முடியாது, செய்திருந்தால் உங்களுக்கும் வின்ஸுக்கும் வித்தியாசம் இருக்காது என்கிறாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு துப்பாக்கியை அவளிடம் விட்டுவிட்டுப் போகிறான்.

இதைக் கவனமாகப் பாருங்கள். யார் செத்தால் பூட்டு திறக்கும் என்பதைச் சொல்லியாயிற்று. துப்பாக்கியும் கொடுத்தாயிற்று. போய்க் கொன்றுவிட்டு வா என்று அவன் சொல்லவில்லை. அப்படி ஓர் எண்ணம் அவனுக்கு இருந்ததா என்று கிளென் ஃபோர்டின் முகமும் சொல்வதில்லை. டெபி தன் விலையுயர்ந்த மிங்க் கோட்டைப் போட்டுக்கொண்டு பெர்த்தா வீட்டுக்குப் போகிறாள். பெர்த்தாவும் அதேபோல ஒரு கோட்டில் நிற்கிறாள். நாம் இருவரும் இந்தக் கோட்டுக்குள் சகோதரிகள் என்று சொல்லிவிட்டுச் சுடுகிறாள். அவளே வின்ஸ் முகத்தில் கொதிக்கும் காபியையும் ஊற்றுகிறாள், அவன் கையால் குண்டும் வாங்குகிறாள். பானியன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. அவன் செய்ய நினைத்ததையெல்லாம் வேறொருத்தி செய்துவிட்டாள். தண்டனையையும் அவளே வாங்கிக்கொண்டாள். அதனால்தான் அவனால் சுடாமல் இருக்க முடிகிறது. தணிக்கைக்காரர்களுக்கும் திருப்தி: கெட்ட பெண் கொன்றாள், கெட்ட பெண் செத்தாள். நாயகன் சுத்தம். விதியை அப்படியே பின்பற்றி, அந்த விதியே எத்தனை அசிங்கமானது என்று காட்டுவது லாங் மாதிரி ஆட்களால்தான் முடியும்.

லூசி, கேட்டி, பெர்த்தா, டெபி. நான்கு பெண்கள். நான்கு பேருடைய சாவுக்கும் ஏதோ ஒரு வழியில் பானியன் காரணம். அவனுக்கு அது தெரிந்திருக்கிறதா? நான் பார்த்த அளவில் கடைசிவரை தெரிவதில்லை. சில விமர்சகர்கள் அவன் மாறிவிட்டான், மனிதனாகத் திரும்பினான் என்று எழுதுகிறார்கள். டெபி சாகும் நேரத்தில் தன் மனைவியைப் பற்றி மனம் திறந்து பேசுகிறான், உண்மைதான். அதுவரை கேட்டபோதெல்லாம் மறுத்தவன். ஆனால் சாகப்போகிறவளிடம் பேசுவது எளிது. அடுத்த காட்சியில் பழைய மேசை, பழைய நண்பர்கள், புது வழக்கு. காபி சூடாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். முகம் வெந்து செத்த ஒருத்தியைத் தரையில் விட்டுவிட்டு வந்தவன் சொல்லும் வாக்கியமா இது! பின்னால் சுவரில் ரத்ததானம் கேட்கும் சுவரொட்டி ஒன்றும் இருக்கிறது. முடிவு சப்பென்று இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்த அறைக்குள் எல்லாம் பழையபடி இருப்பதுதான் எனக்குத் திகிலாக இருந்தது.

உங்கள் நண்பரின் வாதத்தை நான் முழுக்க ஒதுக்க மாட்டேன். 1974-ல் வந்த ‘டெத் விஷ்’ படத்தில் சார்லஸ் பிரான்சனின் கட்டிடக் கலைஞர் தெருவில் வழிப்பறி செய்பவர்களைத் தேடித் தேடிச் சுடுகிறார். அவர் குடும்பத்தைச் சிதைத்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. மூலநாவல் எழுதிய பிரையன் கார்ஃபீல்டுக்கே படம் பிடிக்கவில்லை. 1975-ல் அதற்கு எதிர்வாதம்போலத் தொடர்நாவல் ஒன்று எழுதினார். அந்தப் படத்தில் சட்டம் பலவீனமாக இருக்கிறது, அவ்வளவுதான். ‘தி பிக் ஹீட்’ நகரத்தில் சட்டம் ஏற்கெனவே ஒருவனுக்குச் சொந்தமாகிவிட்டது. கமிஷனரே அவன் சொன்னபடி ஆடுகிறார். அங்கே எதைக் கையில் எடுப்பது, யாரிடமிருந்து எடுப்பது? நண்பர் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்.

அவரிடம் செல்மா பார்க்கரைப் பற்றியும் சொல்லுங்கள். பழைய கார்களை உடைக்கும் இடத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும், கால் ஊனமுற்ற வயதான பெண்மணி. முதலாளி வாயைத் திறக்க மறுத்துவிட்டான். அவள்தான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பானியனைக் கூப்பிட்டுத் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாள். குண்டு வைத்த லாரியின் வீட்டுக் கதவைத் தட்டி இவன்தான் என்று அடையாளம் காட்டவும் செய்கிறாள். பானியனின் மகளுக்குக் கமிஷனர் போலீஸ் காவலை விலக்கியபோது மைத்துனனின் பழைய ராணுவ நண்பர்கள் வந்து படிக்கட்டில் காவல் இருக்கிறார்கள். அதுவரை ஒதுங்கியே இருந்த மேலதிகாரி வில்க்ஸும் வந்து சேர்கிறார். தனி ஆளின் வீரத்தால் கூட்டம் சரிந்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரு குமாஸ்தா, சில முன்னாள் சிப்பாய்கள், ஒரு டெபி இல்லாமல் பானியன் ஓர் அடி எடுத்து வைத்திருக்க முடியாது.

அடுத்து என்ன பார்ப்பது? லாங் 1933-ல் ஜெர்மனியை விட்டு வெளியேறுவதற்கு முன் எடுத்த ‘எம்’ (1931). குழந்தைகளைக் கொல்பவனைத் தேடிப் போலீஸ் நகரத்தைச் சல்லடை போடுகிறது, அதனால் திருடர்களுக்குத் தொழில் கெடுகிறது. அவர்களே பிச்சைக்காரர்களை ஒற்றர்களாக வைத்து அவனைப் பிடித்து, தங்கள் நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். அங்கே கொலைகாரனாக வரும் பீட்டர் லோரே பேசுவதைக் கேட்டுவிட்டு உங்கள் நண்பர் எந்தப் பக்கம் நிற்பார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அது முடிந்ததும் அமெரிக்காவில் அவர் எடுத்த முதல் படமான ‘ஃப்யூரி’ (1936). செய்யாத குற்றத்துக்காகச் சிறையோடு வைத்து எரிக்கப்பட்ட ஒருவன், பிழைத்துவந்து, தான் செத்துவிட்டதாகவே ஊரை நம்பவிட்டு, தன்னை எரித்தவர்களைத் தூக்குமேடைக்கு அனுப்பப் பார்க்கிறான். அதன் கடைசியில் வரும் முத்தத்தை மட்டும் கண்டுகொள்ளாதீர்கள். அது லாங்குக்கே பிடிக்காதது.