புயல் பக்கத்தில் கடந்தால் சிங்கப்பூரில் என்ன ஆகும்? கேள்வி பதில்

ஈசூன் வாசகர்: நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நமக்குப் புயலே வராது என்கிறார்களே, உண்மையா?

வருவது மிக அரிது. ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. புயலைச் சுழலவைக்கும் விசை பூமியின் சுழற்சியிலிருந்து கிடைக்கிறது. நிலநடுக்கோட்டில் அது இல்லை. 5 டிகிரிக்குள் மிகவும் பலவீனம். அப்படியிருந்தும் 2001 டிசம்பர் 27 அன்று ‘வாமெய்’ புயல் ஏறக்குறைய 1.5 டிகிரி வடக்கில், நமக்கு வடகிழக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, மலேசியாவின் ஜோகூரில் கரையேறியது. தென்சீனக் கடல் வழியே பாய்ந்து வந்த குளிர்காற்று, போர்னியோ பக்கம் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்த காற்றோடு பின்னிக்கொண்டது. பூமி தராத சுழற்சி அப்படிக் கிடைத்தது. ஜோகூர், பகாங்கில் வெள்ளம் வந்தது.

2025 நவம்பரில் ‘சென்யார்’ மலாக்கா நீரிணையிலேயே உருவாகி வட சுமத்ராவைத் தாக்கியது. அந்த வெள்ளத்திலும் மண்சரிவிலும் சுமத்ராவில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காற்றின் வேகத்தை மட்டும் பார்த்துப் புயலை எடைபோடக் கூடாது. மலைச்சரிவில் நின்று கொட்டும் மழையும் பலரைக் கொல்லும்.

தெம்பனிஸ் வாசகர்: அப்படியென்றால் இங்கே மரங்களைச் சாய்ப்பது எது?

சுமத்ரா சூறைக்காற்று. இடிமேகங்கள் வரிசைகட்டி மேற்கிலிருந்து வரும். ஓரிரு மணி நேரத்தில் கடந்துவிடும். பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும் என்பார்கள். அதை நம்பி மாலையில் அசந்துவிடாதீர்கள். 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில்தான் வந்தது: மேற்கே தெங்காவில் காற்றின் வேகம் மணிக்கு 83.2 கிலோமீட்டர், 300க்கு மேற்பட்ட மரங்கள் பாதிப்பு. 1984 ஏப்ரல் 25 அன்று அதே தெங்காவில் 144.4 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது.

பொங்கோல் வாசகி: ஜன்னலைச் சாத்தியும் மழைத்தண்ணீர் உள்ளே வழிகிறதே, சிலிக்கான் பூசினால் நிற்குமா?

பூசுவதற்கு முன் இதைப் பாருங்கள். இழுவை ஜன்னலின் கீழ்த்தண்டவாளத்தில், வெளிப்புறமாக, விரல்நகம் அளவில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். தண்டவாளத்தில் சேரும் தண்ணீர் அவற்றின் வழியேதான் வெளியேற வேண்டும். தூசியும் முடியும் அடைத்தால் தண்ணீர் தேங்கி, காற்று தள்ள, உள்பக்க விளிம்பைத் தாண்டி விழும். பழைய பல்துலக்கியால் உட்புறமிருந்தே தேய்த்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். தேங்காமல் வடிந்தால் சரி. வெளியே எட்டிச் சுத்தம் செய்ய வேண்டாம். விவரம் புரியாமல் அந்தத் துளைகள்மேலேயே சிலிக்கான் பூசிவிடுகிறார்கள். அது நோயைக் கூட்டும். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே கசிந்தால் மட்டும் சிலிக்கான் உதவும்.

வெளிப்புறம் திறக்கும் ஜன்னல் என்றால் ஆணிகளைக் கவனியுங்கள். அலுமினிய ஆணி தேய்ந்து அறுந்து, ஜன்னலே கீழே விழுந்துவிடும். துருப்பிடிக்காத எஃகு ஆணியாக மாற்றுவது சட்டப்படி கட்டாயம். அங்கீகாரம் பெற்ற குத்தகையாளரைக் கொண்டு மாற்றுங்கள். மாடத்தின் கைப்பிடிச் சுவரில் இருக்கும் பூந்தொட்டிகளைத் தரைக்கு இறக்குங்கள், துணிக்கொம்புகளை உள்ளே இழுங்கள்.

பிடோக் வாசகர்: ஒரே அளவு மழைக்கு ஒருநாள் வெள்ளம் வருகிறது, மறுநாள் வருவதில்லை. ஏன்?

கடல் ஏற்றம் ஒரு முக்கியக் காரணம். கால்வாய்த் தண்ணீர் கடலுக்குத் தானாக வடியக் கடல்மட்டம் தாழ்ந்திருக்க வேண்டும். 3 மீட்டரைத் தாண்டும் ஏற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் தாழ்வான இடங்களில் தண்ணீர் போக வழியில்லை. மரினா அணைக்கட்டில் கடல் தாழ்ந்திருக்கும்போது 9 மதகுகளை இறக்கி வடிக்கிறார்கள். ஏறியிருந்தால் 7 பம்புகளால் இறைக்கிறார்கள். எனவே மழை முன்னறிவிப்போடு கடல் ஏற்ற நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் இது இன்னும் முக்கியம்: 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.2 மில்லிமீட்டர் கொட்டியது. அந்த மாதத்தின் சராசரியே 222.4தான்.

தேங்கிய தண்ணீரில் காரை விடாதீர்கள். நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இஞ்சினுக்குள் போன தண்ணீர், பிஸ்டன்களை இணைக்கும் தண்டுகளை வளைத்துவிடும்.

உட்லண்ட்ஸ் வாசகி: அடுத்த வாரம் சென்னைக்குப் பயணம். வங்கக்கடலில் புயல் என்கிறார்கள்.

கரைகடக்கும் நேரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கனமழை முன்னதாகவே தொடங்கும். 2023 டிசம்பரில் ‘மிக்ஜாம்’ வந்தபோது ஓடுபாதையிலேயே தண்ணீர் நின்று சென்னை விமான நிலையம் மூடப்பட்டது. சென்னையிலிருந்து இங்கே வரவேண்டிய விமானம் கிளம்பிவிட்டதா என்று பாருங்கள். அது வராவிட்டால் உங்களுடையதும் தாமதம்தான். பயணக் காப்புறுதியைப் புயல் செய்தி வருவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும். புயல் செய்தியாகிவிட்ட பிறகு எடுத்தால் அதனால் வரும் இழப்பைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள்.