பனியை விடுங்கள், ஆரஞ்சு பம்ப் எங்கே?

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, தொடக்கநிலை 5. அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) என்பதால் இந்த டிசம்பரிலேயே ஜப்பானில் ஹொக்கைடோவின் நிசெகோவுக்குப் பனிச்சறுக்கப் போகிறோம். மாமனார், மாமியார், தங்கை குடும்பம் எல்லாரும் சேர்த்து ஒன்பது பேர். இன்னும் ஏழு வாரம்தான். பையனுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. பள்ளியில் 1.6 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்தால் இருமுகிறான், வாரத்தில் மூன்று நான்கு நாள் நீல பம்ப் போடுகிறோம். ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுக்கும் என்று இணையத்தில் படித்ததால் ஆரஞ்சு பம்பை ஜூலையில் நிறுத்திவிட்டேன். மைனஸ் 10 டிகிரிக் குளிரில் நுரையீரல் உறைந்துவிடுமா? மலை உயரத்துக்கு டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா? அவசரத்துக்கு ஜோகூரில் வாங்கிய ப்ரெட்னிசலோன் மாத்திரை வைத்திருக்கிறேன், போதுமா? என் மூட்டு வலி, மாமனாரின் ரத்தக்கொதிப்பு, மூக்கில் ரத்தம் வருவது பற்றியும் சொல்லுங்கள்.
– செங்காங் வாசகி

பதில்: நுரையீரல் உறையாது. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் என்று உள்ளே போகப் போகக் காற்று சூடாகிக்கொண்டே போகும். மைனஸ் 10 டிகிரியில் இழுத்த மூச்சும் நுரையீரலின் அடிவரை சேரும்போது உடற்சூட்டுக்கு வந்துவிடும். உங்கள் உண்மையான பயம் வேறு. மொழி தெரியாத ஊரில், மலைமேல், பிள்ளைக்கு மூச்சு முட்டினால் என்ன செய்வது என்று கலங்குகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கான காரணத்தைக் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள்: வாரத்தில் மூன்று நான்கு நாள் நீல பம்ப், ஜூலையோடு ஆரஞ்சு பம்ப் நிறுத்தம். எனக்கு உறைபனியைவிட இந்த ஒரு வரிதான் கவலை தருகிறது.

நீல பம்ப் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை என்று பொருள். இரவில் இருமி எழுந்தாலும் அப்படித்தான். நீல பம்பில் உள்ள சல்பூட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி சுரந்துகொண்டிருப்பதை அது தொடுவதே இல்லை. அந்த வீக்கத்தை வற்றவைப்பது ஆரஞ்சு பம்பில் உள்ள ஸ்டீராய்டின் வேலை. அதை நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் அடிக்கடி போடும்போது, பிள்ளை நன்றாக இருப்பதுபோலத் தெரியும், உள்ளே வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுத்துச் சமாளிக்க வேண்டாம் என்று 2019 முதல் ஜினா என்னும் உலக ஆஸ்துமா வழிகாட்டி சொல்லிவருவது இதனால்தான். 11 வயதுக்கும் உள்ளே நடப்பது அதேதான்.

ஸ்டீராய்டு வளர்ச்சியைக் கெடுக்கும் என்ற பேச்சுக்கு வருகிறேன். அது முழுப் பொய் இல்லை, அளவு தெரியாமல் பரவிய பாதி உண்மை. 5 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்கு 400 மைக்ரோகிராம் புடெசோனைட் என்னும் ஸ்டீராய்டு பம்பை நான்கு முதல் ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்து, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பின் அளந்து பார்த்தார்கள். 2012ல் வெளியான அந்த அமெரிக்க ஆய்வில் சராசரி உயரக் குறைவு 1.2 சென்டிமீட்டர். உங்கள் மகன் வயதுக்கு இப்போது வழக்கமாகத் தொடங்குவது இதைவிடக் குறைந்த அளவு. சரியாக மூச்சுவிட முடியாமல், ஓடியாட முடியாமல், இரவில் தூங்காமல் வளரும் பிள்ளைக்கு ஆகும் நட்டத்தை இதனோடு வைத்துப் பாருங்கள். பம்பில் போகும் மைக்ரோகிராமுக்குப் பயந்து நிறுத்திய நீங்கள், கைப்பையில் ப்ரெட்னிசலோன் வைத்திருக்கிறீர்கள். ஒரே ஒரு 5 மில்லிகிராம் மாத்திரையில் 5,000 மைக்ரோகிராம் ஸ்டீராய்டு. மருந்து வேறு, வீரியம் வேறு என்பது உண்மைதான். ஆனால் மாத்திரை முழு உடம்புக்கும் போகிறது. பிள்ளையின் எடையைப் பார்த்து, எத்தனை நாள், எப்போது தொடங்குவது என்று மருத்துவர் எழுதித் தராமல் அதைத் தொடாதீர்கள். தேவை என்று அவர் நினைத்தால் அவரே எழுதிக் கொடுப்பார்.

குளிர் ஏன் ஆஸ்துமாவைக் கிளப்புகிறது என்று தெரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடுகள் தானே விளங்கும். குளிரைவிட வறட்சிதான் பெரிய குற்றவாளி. நுரையீரலுக்குள் போகும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 44 கிராம் நீராவி இருக்க வேண்டும். சிங்கப்பூரின் புழுக்கமான காற்றிலேயே ஏறக்குறைய 24 கிராம் இருக்கிறது, மீதி 20 கிராமை மூச்சுக்குழாய் சேர்த்தால் போதும். மைனஸ் 10 டிகிரிக் காற்றில் இருப்பதோ 2 கிராமுக்குச் சற்று மேல். ஆக, உள்தோல் இரண்டு மடங்கு ஈரத்தை இழக்கிறது. சறுக்கும்போது வாயால் வேகமாக மூச்சு வாங்குவதால் இழப்பு இன்னும் பல மடங்கு. காய்ந்துபோன உள்தோலிலிருந்து ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் வெளிப்பட்டுத் தசை இறுகுகிறது. ஏற்கெனவே வீங்கிய குழாயில் இது நடந்தால்தான் ஆபத்து.

இதில் பெற்றோர் தவறவிடும் ஒன்று உண்டு. இறுக்கம் பெரும்பாலும் சறுக்கும்போது உச்சத்துக்கு வராது, நிறுத்திய 5 முதல் 15 நிமிடத்தில் வரும். சரிவில் இறங்கி முடித்து, சேர்லிஃப்டில் உட்கார்ந்து எதிர்க்காற்றில் மேலே போகும் நேரம் அது. ஆகவே பையனை லிஃப்டில் தனியாகவோ ஒத்த வயதுப் பிள்ளைகளோடோ அனுப்பாதீர்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கட்டும்.

ஏழு வாரம் என்பது போதுமான காலம், இந்த வாரமே தொடங்கினால். பலதுறை மருந்தகத்துக்கோ, பையனை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமோ போய், ஜூலையில் நிறுத்தியதை மறைக்காமல் சொல்லி, ஆரஞ்சு பம்பை மறுபடி தொடங்குங்கள். ஓடியபின் வரும் இறுக்கத்தில் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு ஆரம்பித்துப் பயனில்லை. அதே சந்திப்பில் எழுத்தில் ஒரு ஆஸ்துமா செயல்திட்டம் கேட்டு வாங்குங்கள்: பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து எந்த அறிகுறிக்கு எத்தனை பஃப் (பம்பை ஒரு முறை அழுத்தினால் ஒரு பஃப்) என்று எழுதிய ஒரு தாள். சறுக்குவதற்கு முன் போட வேண்டிய அளவும் அதில் இருக்கட்டும். புறப்பட இரண்டு வாரத்துக்கு முன்னாவது குடும்பத்தோடு சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குப் பெரிய ஆஸ்துமா தாக்குதலைக் கொண்டுவருவதில் சளிக்கிருமிகளுக்குத்தான் முதலிடம், ஜப்பானில் டிசம்பர் அதற்கான பருவம்.

ஐந்தாவது வாரத்தில் பார்த்துவிடுங்கள். அதே 1.6 கிலோமீட்டரை இருமாமல் ஓடி முடித்து, நீல பம்பும் வாரத்துக்கு இரண்டுக்குள் வந்திருந்தால் நிம்மதியாகச் சறுக்கட்டும். வரவில்லையென்றால் அளவை மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது, மறுபடி மருத்துவரிடம் போங்கள். கடைசி வாரத்திலும் கட்டுப்படவில்லையென்றால் விமானம் ஏறட்டும், சறுக்குப் பலகையில் ஏற வேண்டாம். பனிப்பொம்மை செய்து விளையாடட்டும். புறப்படும் முன்னான நான்கு வாரத்துக்குள் ஆஸ்துமாவுக்காக அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்பது என் கருத்து.

பம்ப் போடும் விதத்தையும் மருத்துவர் முன் செய்து காட்டச் சொல்லுங்கள். 11 வயதுப் பையன்கள், பம்பை மாட்டி மூச்சிழுக்கும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசரை அவமானமாக நினைத்து வாய்க்குள் நேரடியாக அடித்துக்கொள்வார்கள், மருந்தில் பெரும்பகுதி தொண்டையில் தங்கிவிடும். குலுக்கி, ஒரு முறை அழுத்தி, ஸ்பேசர் வழியே நிதானமாக ஐந்தாறு மூச்சு. அடுத்த பஃபுக்கு மறுபடி குலுக்கல். இரண்டைச் சேர்த்து அழுத்தக் கூடாது. ஆரஞ்சு பம்புக்குப் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவித் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து பிளாஸ்டிக்கிலேயே ஒட்டிக்கொள்ளும். பம்ப் காலியா என்று பார்க்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், அது சரியான கணக்கும் காட்டாது, வாயும் அடைத்துக்கொள்ளும்.

சறுக்கும் நாளில், சரிவுக்குப் போவதற்கு 15 நிமிடம் முன் நீல பம்ப் இரண்டு பஃப். அதன் காவல் இரண்டு முதல் நான்கு மணி நேரம். இப்படி முன்கூட்டிப் போடுவது ஐந்து நாள் விடுமுறைக்குப் பரவாயில்லை, மாதக்கணக்கில் தினமும் போட்டால் பலன் குறையும். பிறகு பத்துப் பதினைந்து நிமிடம், இடையிடையே நின்று நின்று, ஓடி, குதித்து உடம்பைச் சூடாக்கட்டும். பல பிள்ளைகளுக்கு இதனால் அடுத்த ஓரிரு மணி நேரம் இறுக்கம் குறைவாக இருக்கும். மூக்கையும் வாயையும் மூடும் கழுத்துத்துணி கட்டாயம். விடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் அது பிடித்துவைத்து அடுத்த மூச்சுக்குத் திருப்பித் தரும். ஆனால் நனைந்து உறைந்துவிட்டால் காற்றையே அடைக்கும், எனவே நாளுக்கு இரண்டு துணியாவது கையில் இருக்கட்டும். நீல பம்ப் குளிர்ந்துபோனால் மருந்து குறைவாகவே வெளிவரும். அதை முதுகுப்பையில் போடாமல், மேற்சட்டையின் உட்பக்கப் பையில், உடம்பை ஒட்டி வைக்க வேண்டும். கையைச் சூடாக்கும் பொட்டலத்தோடு சேர்த்து வைக்காதீர்கள், அழுத்தம் அடைத்த குப்பிக்கு அந்தச் சூடு ஆகாது. மாலையில் ஜிங்கிஸ்கான் என்று மேசையிலேயே ஆட்டிறைச்சி சுடும் கடைக்குப் போனால், பையனைப் புகை வராத ஓரத்தில் உட்காரவையுங்கள்.

இனி, நீங்கள் மனத்தில் இருத்த வேண்டிய ஒரே எச்சரிக்கை: நீல பம்ப் போட்டு நான்கு மணி நேரம் ஆவதற்குள் மறுபடி தேவைப்படுவது. ஓடியதால் வரும் சாதாரண இறுக்கம் ஓய்வெடுத்தால் அரை மணி, ஒரு மணியில் தணியும், இரண்டு பஃபில் இன்னும் சீக்கிரம் அடங்கும், அங்கேயே முடிந்துவிடும். காலை பத்துக்குப் போட்டது பன்னிரண்டுக்கே தீர்ந்துபோய்ப் பிள்ளை மறுபடி இழுக்கிறான் என்றால் உள்ளே வீக்கம் மருந்தை மிஞ்சிவிட்டது. அன்று சறுக்கல் முடிந்தது. "இன்னும் ஒரே ஒரு ரவுண்டு" என்று கெஞ்சுவான், கொடுக்காதீர்கள். அவனைக் கூட்டிக்கொண்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள், இரவு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்துமா இரவில்தான் முற்றும்.

அதைவிட மோசமான நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? பனியாடையும் கண்ணாடியும் கழுத்துத்துணியும் பிள்ளையை முழுக்க மறைத்துவிடும், ஆகவே சந்தேகம் வந்தால் உள்ளே அழைத்துப்போய் ஜிப்பைத் திறந்து பாருங்கள். விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்வாங்குகிறதா? ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடிகிறதா? நம் நிறத்தில் உதட்டின் வெளிப்புறம் நீலம் பாய்ந்தால் தெரியாது, உள் உதட்டையும் நாக்கையும் நகக்கண்ணையும் பாருங்கள். சத்தமாக இழுத்துக்கொண்டிருந்தவன் சோர்ந்துபோய்ச் சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், உள்ளே காற்றே போகவில்லை என்று பொருள். இதில் எது இருந்தாலும் நிமிர்த்தி உட்காரவைத்து, ஸ்பேசரில் நீல பம்பை ஒரு பஃப், 30 முதல் 60 விநாடி இடைவெளி, அடுத்த பஃப் என்று பத்து வரை கொடுங்கள். செயல்திட்டத் தாளில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. ஆம்புலன்சை அழைத்துக்கொண்டே கொடுங்கள், பத்தும் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

ஜப்பானில் ஆம்புலன்சுக்கு எண் 119. ஆஸ்துமாவுக்கு அவர்கள் சொல்வது 'ஸென்சொகு', அந்த ஒரு சொல்லைக் குடும்பத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சரிவில் இருந்தால் ரோந்துக் குழுவினரையும், விடுதியில் இருந்தால் வரவேற்பு மேசையையும் முதலில் பிடியுங்கள். பக்கத்து நகரமான குச்சானில் பொது மருத்துவமனை இருக்கிறது. மருந்துகளின் பொதுப்பெயரோடு மருத்துவர் கடிதம் ஒன்று, பம்புகளும் ஸ்பேசரும் கைப்பெட்டியில். மருத்துவர் எழுதித் தந்த மருந்து ஒரு மாத அளவுக்குள் இருந்தால் ஜப்பானுக்குத் தனி அனுமதி தேவையில்லை. மூக்கடைப்புக்கு நம் வீடுகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் மாத்திரையை இங்கேயே விட்டுவிடுங்கள், அது 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்துக்கு அங்கே தடை. கோடீன் கலந்த இருமல் மருந்தும் வேண்டாம், 12 வயதுக்குக் கீழ் அதை எங்கேயும் கொடுக்கக் கூடாது. பயணக் காப்புறுதியில் ஆஸ்துமாவை மறைக்காமல் அறிவித்து, பனிச்சறுக்கும் அடங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

மற்றவை. டயமாக்ஸ் வேண்டாம். மலை உயரத்தால் வரும் நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் பேச்சு, நிசெகோவின் உச்சியே 1,308 மீட்டர். மூக்கில் ரத்தம் அறைச்சூட்டின் வறட்சியால் வருவது, இரவில் மூக்கின் உள்விளிம்பில் கொஞ்சம் வாஸ்லின் போதும். உங்கள் மூட்டுக்கு, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்வதுபோல் நிற்கும் பயிற்சியை இன்றே தொடங்குங்கள், 20 விநாடியில் ஆரம்பித்து மெல்லக் கூட்டி. வாடகைக் கடையில் எடையையும் அனுபவத்தையும் உள்ளபடி சொல்லுங்கள். விழும்போது காலணி பலகையிலிருந்து கழல்வது அந்தக் கணக்கில்தான் இருக்கிறது, கழலாவிட்டால் முழங்கால் திருகும். மாமனார் கொதிப்பு மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, வெந்நீர் ஊற்றுக் குளியலில் மெல்ல இறங்கி மெல்ல எழ வேண்டும், மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. அவருக்கு உண்மையான ஆபத்து உறைந்த நடைபாதை. காலணிக்கு அடியில் மாட்டும் ஆணிப்பட்டை ஒன்று வாங்கிக்கொடுங்கள்.

பயிற்சியாளரிடம் முதல் நாள் காலையிலேயே பையனின் ஆஸ்துமாவைச் சொல்லி, நீல பம்ப் எந்தப் பையில் இருக்கிறது என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். பம்ப் பையனிடமே இருக்க வேண்டும், உங்களிடம் அல்ல, நீங்கள் வேறொரு சரிவில் இருப்பீர்கள். இடது உட்பை என்று முடிவு செய்தால் ஐந்து நாளும் இடது உட்பைதான்.