சின்ன வயதில் அடிபட்ட பிள்ளை தொடர் கொலையாளி ஆகுமா?

மட்டக்களப்பு கல்லடியில் பக்கத்து வீட்டு அக்கா கேட்டது இது. அவரது தங்கையின் மகன், 9 வயது, தகப்பனிடம் நாளாந்தம் அடி வாங்குகிறான். இப்போது பூனைக்குட்டிக்குக் கல்லெறிகிறான். “இப்பிடித்தானாமே அவங்களும் தொடங்கிறது?”

பல தொடர் கொலையாளிகளின் சிறுபராயம் கொடியதுதான். அமெரிக்காவின் எட்மண்ட் கெம்பரைத் தாய் நிலவறையில் தனியே படுக்கவைத்தார். 1964இல், 15 வயதில், அவர் தாத்தா பாட்டியைச் சுட்டுக் கொன்றார். ஆனால் 17 பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமர் அப்படி அடிபட்டு வளர்ந்தவரல்ல. அவருக்கு எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு, அதாவது உணர்ச்சிகளும் உறவுகளும் நிலையில்லாமல் தளம்பும் கோளாறு, இருப்பதாக வைத்தியர்கள் சொன்னார்கள். 1992இல் ஜூரிமார் அவரைச் சித்தசுவாதீனம் உள்ளவர் என்றே தீர்மானித்தார்கள்.

சமூகவிரோத ஆளுமைக் கோளாறு உள்ளவர்கள் கூசாமல் பொய் சொல்வார்கள், பிறரை வருத்திவிட்டு வருந்தமாட்டார்கள். அவர்களிலும் மிகப் பெரும்பாலானோர் யாரையும் கொல்வதில்லை. 18 வயதுக்கு முன் எவருக்கும் அந்தப் பெயரை வைக்கவே கூடாது.

1963இல் மக்டொனால்ட் என்ற மனநல வைத்தியர் படுக்கையில் சிறுநீர் போதல், தீ வைத்தல், மிருகவதை மூன்றையும் பின்னாளில் கொலைவெறி வரக்கூடும் என்பதன் அறிகுறிகளாக எழுதினார். பிந்திய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. அவை வதைபடும் பிள்ளையின் அடையாளங்களாக இருக்கலாம்.

யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பெற்றோரை இழந்து வளர்ந்தவர்கள் நம் மட்டக்களப்பில் எத்தனை பேர்! இன்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார்கள், தோணி வலிக்கிறார்கள்.

அக்கா, பூனையை விடுங்கள், முதலில் அந்த அடியை நிறுத்த வேண்டும். தகப்பன் கேட்காவிட்டால் 1929க்கு எடுங்கள்; சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் அது.