மாஸ்டடானில் எந்த சர்வரில் சேர்வது?

கேள்வி: மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளத்தில் கணக்கு தொடங்கப் போனால் சர்வரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. என் நண்பர்கள் வெவ்வேறு சர்வர்களில் இருக்கிறார்கள். எதில் சேர்ந்தால் எல்லோரையும் பார்க்கலாம்? பிறகு மாற்ற முடியுமா?

பதில்: எதில் சேர்ந்தாலும் அநேகமாக எல்லோரையும் பார்க்கலாம். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மெயில் அனுப்புகிறார் அல்லவா, அதே முறைதான். ஜெர்மனியின் ஆய்கன் ரோச்கோ 2016இல் வெளியிட்ட மென்பொருள் மாஸ்டடான். அதை யார் வேண்டுமானாலும் தங்கள் கணினியில் நிறுவி சர்வர் நடத்தலாம். இந்த சர்வர்கள் ஆக்டிவிட்டிபப் என்ற பொதுவான தகவல் பரிமாற்ற முறையில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

ஆனால் சேர்ந்தவுடன் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நண்பரின் பக்கத்தைத் திறந்தால் பழைய பதிவுகளைக் காணோம், ஒரு பதிவுக்கு வந்த பதில்களில் சில இல்லை, தேடினால் எதுவும் அகப்படவில்லை. பழுது எதுவும் இல்லை. நீங்கள் ஒருவரைப் பின்தொடர்ந்தால், அந்தத் தகவல் அவருடைய சர்வருக்குப் போகும். அதன்பின் அவர் எழுதுவதெல்லாம் உங்கள் சர்வருக்கு நகலாக வந்து சேரும். உங்கள் சர்வரில் ஒருவர்கூடப் பின்தொடராத ஆளின் பதிவுகள் பெரும்பாலும் வந்தே இருக்காது. ஆட்கள் குறைவான சர்வரில் இந்த வெறுமை அதிகம். அதனால் நண்பரின் முழு முகவரியை, அதாவது பெயரோடு சர்வர் பெயரையும் சேர்த்து, தேடல் பெட்டியில் இட்டுப் பின்தொடருங்கள். விடுபட்ட பதில்களைப் படிக்க, மூலப் பதிவை அவருடைய சர்வரிலேயே திறந்து பாருங்கள்.

'அநேகமாக' என்று சொன்னதற்குக் காரணம், ஒரு சர்வரின் நிர்வாகி இன்னொரு சர்வரை முழுதாகத் தடுத்துவிடலாம். தடுத்தால் இரு பக்கத்து ஆட்களுக்கும் தொடர்பு அறுந்துபோகும். ஆகவே, சேருமுன் அந்த சர்வரின் அறிமுகப் பக்கத்தைக் கட்டாயம் படியுங்கள். விதிகள், நடத்துபவர் யார் என்ற விவரம் எல்லாம் அங்கே இருக்கும். பல சர்வர்கள் தடுத்தவற்றின் பட்டியலையும் அங்கேயே வெளியிடுகின்றன. நான் பரிந்துரைப்பது, ஒன்றுக்கு மேற்பட்டோர் பொறுப்பில் இருக்கும் நடுத்தர அளவு சர்வர். ஒரே ஆள் சொந்தக் காசில் நடத்துவது, அவர் களைத்துப்போனால் நின்றுவிடும்.

சரி, மாறுவது? முடியும். புதிய கணக்கில் பழைய முகவரியைப் பதிந்துவிட்டு, பழைய கணக்கின் அமைப்புகளில் இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். உங்களைப் பின்தொடர்பவர்கள் தாமாகவே கூட வருவார்கள். பதிவுகள் வராது, அவை பழைய இடத்திலேயே தங்கிவிடும். நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலைக் கோப்பாக இறக்கி, புதிய இடத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

பழைய சர்வர் உயிரோடு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். 2024 பிப்ரவரியில், ஆப்கானிஸ்தானுக்கு உரிய ஏஎஃப் என்று முடியும் இணைய முகவரியில் இயங்கிய குவீர்.ஏஎஃப் சர்வரின் முகவரியை அந்நாட்டு அரசு முடக்கியது. அப்படி நடந்தால் உங்களைப் பின்தொடர்பவர்களைக் கூட்டிப்போக வழியே இல்லை. ஆகவே நீங்கள் பின்தொடர்பவர்களின் பட்டியலையாவது அவ்வப்போது கோப்பாக இறக்கி வையுங்கள்.

அப்புறம், தனிச்செய்தி. அனுப்புபவர், பெறுபவர் இருவருடைய சர்வர்களிலும் அது பூட்டப்படாமல்தான் கிடக்கும். நிர்வாகி நினைத்தால் படிக்கலாம். போன் நம்பர், வங்கி விவரம் எதையும் அதில் அனுப்பாதீர்கள்.